யாரேனும்

சுற்றறிக்கை இரண்டு பக்கம்.
டெல்லியில் எழுதி, சென்னையில் தமிழாக்கி,
மேட்டுப்பாளையம் நிலையத்தில் என் கைக்கு வந்தது.
நின்றபடியே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

பையை நான் தொடக் கூடாது.
பை அவர் கையைவிட்டுப் போகக் கூடாது.
அவர் என் கண்ணைவிட்டுப் போகக் கூடாது.
பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது.
உள்ளே என்ன இருக்குமென்று நினைக்கலாமா
என்பதைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மேகத்தை, கிளியைத் தூது விட்டவர்கள்
கூடவே ஒரு ஏட்டையும் அனுப்பியிருந்தால்
பாட்டு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இளவயசுக்காரர். ஏதோ நாட்டுக்காரர்.
இடது மணிக்கட்டில் சங்கிலி, சங்கிலி முனையில் பை,
பையின் வாயில் இரண்டு அரக்கு முத்திரை,
ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி.

கல்லாறு தாண்டி மூன்றாவது வளைவிலேயே
அவருக்குக் குமட்டல்.
சவரியப்பன் ஜீப்பை மெதுவாக்கினான்.
வழியில் எங்கும் நிற்கக் கூடாது: முதல் பக்கம், கடைசி வரி.
'ஓட்டு' என்றேன்.
அவர் வெளியே தலையை நீட்டினார்,
வாந்தி படாமல் பையை ஒரு கையால் உயரத் தூக்கிக்கொண்டு.
என்னிடம் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.
தின்பண்டம் எதுவும் தரக் கூடாது: இரண்டாம் பக்கம்.
முகர்ந்துவிட்டு இருக்கையில் மறந்து வைத்தேன்.
அவர் அதைக் கண்டெடுத்தார்.

பர்லியார் வருமுன்பே வாசம் வந்துவிட்டது.
ஆடி மாதம்.
பலா மரத்திலேயே வெடித்துத் தொங்கும் நாட்கள்.
சொல்லாமலே சவரியப்பன் விளக்கை அணைத்தான்.
நடுச்சாலையில் ஒரு தாய்,
அதன் வயிற்றடியில் ஒரு குட்டி,
பின்னால் இருட்டில் சுளை தின்னும் சத்தம்.
எத்தனை என்று தெரியாது.

விதிகளில் இதற்கு ஒன்றுமில்லை.
கொள்ளைக்காரர் உண்டு, கலகக் கூட்டம் உண்டு, தீ, வெள்ளம்,
அழகிய பெண் வழி கேட்டால் என்றுகூட ஒரு பத்தி.
யானை இல்லை.

ரைபிள் என் முழங்கால்களுக்கிடையே வெறும் கட்டை.
அது வந்தது,
அவசரமில்லாத சுங்க அதிகாரி மாதிரி.
என் தொப்பியை முகர்ந்தது, விட்டது.
சவரியப்பனை விட்டது.
அவர் பக்கம் போயிற்று.

எந்த அரசும் திறக்கக் கூடாத பை.
எந்தச் சாவடியும் நிறுத்தவோ சோதிக்கவோ கூடாது.
இரண்டு முத்திரைக்கும் நடுவில்
ஈரமான நுனி வந்து நின்றது.
மடங்கியது, நிமிர்ந்தது,
ஒருமுறை நீளமாக மூச்சை இழுத்தது.
காகிதம், மை, கோந்து,
தூரத்தில் யாரோ நாவால் நனைத்து ஒட்டிய உறை,
எல்லாம் அந்த மூச்சில் போயிருக்கும்.
எனக்கு இன்றுவரை தெரியாதது
ஒரு யானைக்குத் தெரியும்.

அவர் கண்ணை மூடவில்லை.
சங்கிலி மட்டும் நடுங்கிக் கிலுகிலுத்தது.
பையை மார்போடு அணைக்கவில்லை, பின்னால் இழுக்கவில்லை.
காட்டினார்.
காட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போகும்போது எலுமிச்சையை அவர் விரலிலிருந்து எடுத்துப்போய்
பிடிக்காமல் ரோட்டில் போட்டது.
அவர் தன் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னார்.
வேண்டுதலோ வசவோ.

வெலிங்டனில் மணி ஒன்றரை.
வாங்கிக்கொண்ட அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார்.
முத்திரை முழுசாக இருந்தது.
நடுவில் சேறும் சளியுமாய் உள்ளங்கை அகலத் தடம்.
என்னைப் பார்த்தார்.
நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
'வழியில் பையை யாரேனும் தொட்டார்களா?'

சென்னையில் தமிழாக்கிய புண்ணியவானே,
எதுவேனும் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.
யார் என்பது உயர்திணை.
'இல்லை' என்று எழுதினேன்.
கீழே, போஜன், தலைமைக் காவலர்.

சங்கிலி கழன்ற மணிக்கட்டைத் தேய்த்தபடி
அவர் வராந்தாவில் நின்றார்.
பையை ஒப்படைத்ததும் விதிகள் முடிகின்றன என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
அதனால் பேசாமல் ஜீப்பில் ஏறினேன்.

இறங்கும் வழியில், விடிகிற நேரம்,
சவரியப்பன் அதே இடத்தில் தானாகவே நிறுத்தினான்.
ரோடெல்லாம் பலாக்கொட்டை, சூடாறாத லத்தி,
ஓரத்தில் நசுங்காமல் அந்த எலுமிச்சம்பழம்.
துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.